ரூபாய் மாலை ஏன் கறுத்தது

என் அருமை மகனே,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணம் நிற்கவில்லை. ஆவணியில் குறித்த அதே முகூர்த்தம், ஆம்பூரில் நிச்சயம் செய்த அதே பெண். இதைப் படித்ததும் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கைகால் கழுவி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பிறகு வந்து மீதியைப் படி. பெண்ணின் உடம்பில் வியாதி என்று உன் அத்தை உனக்கு எழுதிய நாள் முதல் ஹூப்ளியில் நீ ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டாய் என்று அவளே புலம்புகிறாள். சோற்றைக் கெடுத்தவளும் அவள்தான், அதற்காக அழுகிறவளும் அவள்தான். நம் வீட்டு நடைமுறை உனக்குத் தெரியாததா? வியாதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கிவிட்டது. கடையில் எண்ணெய் அளக்கும்போதுகூட நான் வாய்க்குள் பாடுகிறேனாம், உன் மாமா கேலி செய்கிறார்.

நிச்சயதார்த்தத்துக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகையால் நீ பார்க்காததிலிருந்து தொடங்குகிறேன். பெண்ணுக்கு நிச்சயம் செய்கிற அன்று ரூபாய் மாலை போடுவது நம் குடும்பத்து வழக்கம். வெள்ளி ரூபாய்களுக்கு வளையம் பற்றவைத்துச் சிவப்புப் பட்டுக்கயிற்றில் கோத்த மாலை அது. மகாராணி முகம் போட்டது பாதி. கிரீடம் இல்லாத ராஜா முகம், கடையில் மொட்டை ராஜா என்போமே, அது பாதி. அதைப் போட்டுக்கொண்ட பெண் தாலி ஏறும் வரை கழற்றக் கூடாது. சாம்பல் போட்டுத் தேய்க்கவும் கூடாது, தேய்த்தால் லட்சுமி கரைந்துபோவாள் என்று ஒரு பேச்சு. பெண் நவநீதத்தின் கழுத்தில் உன் அத்தை மாலையைப் போட்டபோது இதையெல்லாம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னாள். அந்தப் பெண்ணும் சரி சரி என்று தலையை ஆட்டினாள். வைகாசி வெயிலில் அந்த மாலை பளபளவென்று கண்ணைக் கூசவைத்தது.

ஆனி மாதம் உன் அத்தை ஆம்பூருக்கு ஒரு காதுகுத்துக்குப் போனாள். போனவள் அப்படியே சம்பந்தி வீட்டிலும் தலையைக் காட்டிவிட்டு வந்தாள். வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை. சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "தம்பி, மாலை கரியாப் போச்சுடா. பொண்ணு கழுத்துல கெடக்கிற வெள்ளி அத்தினியும் கறுப்பு. ஒடம்புல கெட்ட ரத்தம் ஓடுனாத்தான் வெள்ளி அப்பிடிக் கறுக்கும். நம்ம புள்ளைக்கு இந்த எடம் வோணாம்" என்றாள். நான் அவளிடம் கத்தவில்லை. கத்த முடியாது. அதற்குக் காரணம் உன் அம்மா.

உனக்கு அம்மா முகம் நினைவிருக்காது. அவள் படுத்த படுக்கையாய்க் கிடந்த மாதங்களில் உன் அத்தைதான் பக்கத்தில் இருந்தாள். நாட்டு வைத்தியர் கொடுத்த தைலத்தைக் காலையும் மாலையும் மார்பிலும் கையிலும் தேய்ப்பாள், கஞ்சி ஊட்டுவாள், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே அவளுக்குத் தலை வாரிவிடுவாள். அப்போது உன் அம்மாவின் கையிலிருந்த வெள்ளிக் காப்பு நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. அத்தை கவனித்தாள். கவனித்தும் யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டோமே, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாளோ என்று இத்தனை வருஷமும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறாள். ஆம்பூரில் அந்தப் பெண்ணின் கழுத்தைப் பார்த்ததும் அவளுக்கு உன் அம்மாவின் கைதான் தெரிந்திருக்கிறது. உன்னை வளர்த்தவள் அவள். உனக்கு என்றால் அவளுக்குப் பயம் ஜாஸ்தி. அதனால்தான் நான் யோசித்து ஒரு முடிவுக்கு வருவதற்குள் உனக்கே எழுதிவிட்டாள். அவள்மேல் கோபப்படாதே.

கோபப்பட வேண்டுமானால் என்மேல் படு. வேலூர் பஜாரில் எண்ணெய்க் கடை வைத்தே என் தலை நரைத்தது. காசு நிறம் மாறுவதை என்னைவிட அதிகம் பார்த்தவன் யார்? புதுச் செப்புக்காசு வரும்போது மருதாணி இட்ட விரல் மாதிரி சிவந்திருக்கும்; நாலு கை மாறுவதற்குள் வெல்லத்தின் நிறத்துக்கு வந்துவிடும். ஊறுகாய் விற்கிற அம்மாள் கொடுக்கிற காலணா, உப்பும் புளிப்பும் பட்டுப் பச்சை பூத்திருக்கும். ஒடுகத்தூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் மண்ணில் புதைத்து வைத்து எடுத்து வரும் காசும் பச்சைதான், ஆனால் அது வேறு பச்சை. ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்குப் புங்க எண்ணெய் வாங்க வருகிற வண்டிக்காரர்கள் கொடுக்கிற ரூபாய் மட்டும் எப்போதும் கறுப்பு. கல்லாவைத் திறந்தால் இது ஆம்பூர் ரூபாய் என்று பார்த்த மாத்திரத்தில் எடுத்து வைப்பேன். கள்ள ரூபாய் என்று ஒரு நாளும் திருப்பிக் கொடுத்ததில்லை. கல்லில் சுண்டிப் பார்ப்பேன், கணீரென்றால் உள்ளே போடுவேன். காசுக்குச் சத்தம்தான் சாட்சி, நிறம் இல்லை என்று உனக்கே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவன், ஆம்பூர்ப் பெண்ணின் கழுத்தில் ரூபாய் கறுத்தது என்றதும் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கடைப் புத்தி கடையிலேயே தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தது வெறும் பயம்தான்.

ஆடி பிறப்பதற்குள் மாலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று அத்தை ஒற்றைக்காலில் நின்றாள். கடையை மாமாவிடம் விட்டுவிட்டு, காட்பாடியில் வண்டி ஏறி ஆம்பூரில் இறங்கினோம். நவநீதத்தின் அப்பா தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை நிறுக்கிற மேஸ்திரி. நம் ஜனம்தான், பிழைப்புக்காக ஒரு தலைமுறைக்கு முன்னால் அங்கே போய்க் குடியேறியவர்கள். தோல் ஷாப்புக்குப் பின்பக்கச் சந்தில் வீடு. தோல் ஊறுகிற குழியின் தண்ணீர் போகிற வாய்க்கால் கொல்லைப்புறத்தை ஒட்டியே ஓடுகிறது. அழுகின முட்டையை மூக்குக்கு நேரே உடைத்தது போல ஒரு வாடை. அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மேஸ்திரியோ எங்களைக் கண்டதும் தெருவுக்கே ஓடி வந்தார். "வாங்க சம்பந்தி, வாங்க! கூறைப்புடவை எடுக்கத்தான வந்தீங்க? நவநீதம், யாரு வந்துக்கிறாங்க பாரு!" அப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கிற மனிதரிடம், உன் பெண் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். அவர்கள் கொடுத்த மோரை இருவரும் குடித்தோம்.

அன்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அடுக்களைப் பக்கம் மேஸ்திரி போனால் அத்தை என் விலாவில் இடிப்பாள், "ஆரம்பிடா" என்பாள். "நீதான ஆரம்பிச்சே, நீயே முடி" என்பேன் நான். நவநீதம் குனிந்து சோறு போடும்போதெல்லாம் அந்த மாலை முன்னால் வந்து தொங்கும். அத்தை சொன்னதில் பொய்யில்லை, மகாராணியும் மொட்டை ராஜாவும் அடுப்புக்கரி பூசினவர்கள் போல இருந்தார்கள். ஆனால் அந்தப் பெண்ணைப் பார்த்தால் வியாதிக்காரி என்று எவன் சொல்வான்? இரண்டு குடத்தை ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டு வருகிறாள், அப்பாவோடு வாய்க்கு வாய் பேசுகிறாள், சிரித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது.  இவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனால், ஏன் என்று ஊர் கேட்கும். காரணம் தெரிந்தால் அப்புறம் எவன் இவளைக் கட்டுவான்? மாலையை மட்டுமா எடுத்துக்கொண்டு போகிறோம் என்று நினைத்தேன். ஆனாலும் உன்னை நினைத்தால், வியாதி உண்மையாகவே இருந்துவிட்டால் என்று பயமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் கொல்லைப்புறத்தில் ஓர் அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால் உன் அத்தை துவைக்கிற கல்லில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொள்கிறாள். "ஐயோ, எம் மெட்டியப் பாருடா! கறுத்துப் போச்சே! அவருக்கு இன்னாவோ ஆயிட்டுதுடா! மொத வண்டி எப்போ? மொத வண்டி எப்போ?" பார்த்தேன். வேலூரிலிருந்து கிளம்பும்போது வெள்ளையாய் இருந்த மெட்டி இரண்டும் கறுத்திருந்தன. நானும் வண்டி நேரத்தைக் கணக்குப் போட ஆரம்பித்தேன், பொய் சொல்ல மாட்டேன். வெள்ளி கறுத்தால் ரத்தம் கெட்டது என்று நம்பினவனுக்கு, மெட்டி கறுத்தால் புருஷனுக்கு ஆபத்து என்று நம்ப எவ்வளவு நேரம் பிடிக்கும்?

நவநீதம் வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அத்தையின் காலடியில் உட்கார்ந்து, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பெரியம்மா, பெரியப்பாவுக்கு ஒண்ணும் ஆவல. இது எங்க தெரு பண்ற வேலை. தோல்ல இருக்கிற மயிர் கழறதுக்குக் குழியில சுண்ணாம்போட ஒரு கந்தகச் சரக்கு போடுறாங்க. அந்தக் காத்து பட்டா வெள்ளி கறுத்துப் பூடும். யாரு வந்தாலும் அப்பிடித்தான். வெள்ளிக்கெழமை ஆனா எங்க சந்துல எல்லாப் பொம்பளைங்களும் சாம்பலும் துணியும் எடுத்துக்கினு கொலுசு தேய்க்க உக்காந்துடுவாங்க." சொல்லிக்கொண்டே அடுப்புச் சாம்பலைத் துணியில் தொட்டு ஒரு மெட்டியைத் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் அது வெளுத்துவிட்டது. ஒரு காலில் கறுப்பு, மறு காலில் வெள்ளை. அத்தை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ கழுத்துல கெடக்கிறத ஏம்மா தேய்க்கல?" என்று கேட்டாள். நவநீதம் ஆச்சரியமாக நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான பெரியம்மா தேய்க்கக் கூடாதுன்னு சொன்னீங்க? பக்கத்து வூட்டு பீவிகூட, குடு, அரை நொடியில வெளுத்துக் குடுக்கிறேன்னாங்க. நான்தான் வோணாம், மாப்பிள்ளை வூட்டு வழக்கம்னுட்டேன்." மகனே, என் காதில் அது அறைந்தது போல விழுந்தது. அந்தச் சந்தில் நம் பேச்சை மதித்து நடந்த ஒருத்தியின் வெள்ளிதான் கறுத்திருந்தது. நாம் சொன்னதைக் கேட்டதற்காக அவளுக்கு வியாதிக்காரி என்று பட்டம் கட்டத் துணிந்தோம்.  

பிறகு நவநீதமே மெட்டியைத் தேய்த்தபடி விவரமாகச் சொன்னாள். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவள். அங்கே ஒரு டீச்சரம்மா, வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவில் ஒரு வெள்ளிக் கால் ரூபாயைச் சூடு ஆறும் முன்னே புதைத்து மூடி வைத்துக் காட்டினாராம். எடுத்தபோது காசு கறுத்திருந்ததாம். முட்டையிலும் கந்தகம் இருக்கிறதாம். கந்தகம் வெள்ளியைக் கண்டால் விடாதாம், மேலே கறுப்பாய் ஒட்டிக்கொள்ளுமாம். உள்ளே இருப்பது என்னவோ வெள்ளியேதானாம். தங்கத்திடம் அதன் ஜம்பம் சாயாதாம். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெதுவாக, "கந்தகம்னா, வைத்தியருங்க தைலத்துல போடுவாங்களே, தீக்குச்சி வாடை அடிக்குமே, அதுவாம்மா?" என்றாள். "அதேதான் பெரியம்மா." அவ்வளவுதான். உன் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டாள். அந்தப் பெண் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். "எங் கையாலதான்டா," என்றாள் அத்தை என்னிடம். "நான் தேய்ச்ச தைலம்டா. அதான் காப்பு கறுத்துது. சாமி அடையாளம் காட்டுச்சு, நான்தான் கண்டுக்காம அவள வுட்டுட்டேன்னு இத்தினி வருசமா நெனச்சிக்கினு இருந்தேனே." நான் அவள் தலையில் கை வைத்தேன். எனக்கும் கண் மறைத்தது. உன் அம்மாவின் ஆயுசு அவ்வளவுதான் என்று நான் நூறு தடவை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கெல்லாம் ஆறாத மனசு, ஒரு மெட்டியில் ஆறியது.

அழுது முடித்ததும் அத்தை பழைய அத்தை ஆகிவிட்டாள். காரணம் எல்லாம் புரிந்தது, ஆனாலும் மாமாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டால்தான் தண்ணீர் இறங்கும் என்று அன்றைக்கே வண்டி ஏற வைத்தாள். வேலூர் வந்து கடைக்குள் நுழைந்தோம். மாமா காலை மடித்து உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, "தோலியெல்லாம் எண்ணெய்ச் செக்கு மேல போடுறீரே, உமக்கு அறிவு கீதா?" என்று சத்தம் போட்டாள். அவர் ஒன்றும் புரியாமல் விழித்தார். அவள் அடுக்களைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டது எனக்கு மட்டும் தெரியும்.

மாலையை நாங்கள் வாங்கி வரவில்லை. இனி அதைத் தேய்க்கலாம் என்று அத்தையே உத்தரவு கொடுத்துவிட்டாள். லட்சுமி சாம்பலுக்குப் பயப்படுகிறவள் இல்லையாம். இதுவும் அவள் வாக்குத்தான். ஆனால் நான் நவநீதத்திடம் ஒன்று சொன்னேன், உனக்கும் சொல்கிறேன். தேய்க்கத் தேய்க்க வெள்ளி வெளுக்கும், மகாராணியின் மூக்கும் தேயும். கல்லாவில் மூக்கும் இல்லாமல் எழுத்தும் இல்லாமல் வழுவழுவென்று வருகிற ரூபாய்களை நான் பார்த்திருக்கிறேன். குடும்பத்திலும் ஒன்றிரண்டு கறுப்பு படியும். தெருக்காற்று அப்படி, வேலை அப்படி, வாய் அப்படி. படிந்ததற்கெல்லாம் சாம்பலைத் தூக்கிக்கொண்டு வராதே. துடைத்தால் போகிறதைத் துடை, மற்றதை இருக்க விடு. இது எண்ணெய்க் கடைக்காரன் புத்தி, பிடித்தால் எடுத்துக்கொள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு நீளம் எழுதினேன். அன்று ஆம்பூரில் அத்தை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது நவநீதம் என்னிடம் வந்து நின்றாள். "மாமா, நீங்க இந்த மாலைய வாங்கிட்டுப் போவத்தான வந்தீங்க?" என்றாள். முட்டாள் இல்லை அந்தப் பெண். இரண்டு நாள் நாங்கள் விழித்த விழியிலேயே அவளுக்குப் பாதி தெரிந்திருக்கிறது. மறைத்துப் பேசியதெல்லாம் போதும் என்று தோன்றியது. ஆமாம் என்றேன். "அவருக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும், அத்தை எழுதியிருந்தாள் என்றேன். "அதுக்கு அவரு இன்னா எழுதினாரு?" என்று கேட்டாள். நீ எனக்குப் போட்ட கார்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது. உள்ளதைச் சொன்னேன். உங்கள் இஷ்டம் என்று எழுதியிருக்கிறான் அம்மா, என்றேன்.

அவள் அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை.  "எனக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே மாமா. எனக்குப் படிக்கத் தெரியுமே" என்றாள். சொல்லிவிட்டு அத்தையின் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.  அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் இல்லை, நீ.

கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கடிதம் எழுதுவதா என்று நாலு பேர் கேட்பார்கள். அந்த நாலு பேரை நான் பார்த்துக்கொள்கிறேன். மேஸ்திரியிடமும் சொல்லிவிட்டேன், அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவர்கள் விலாசத்தை இந்தக் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சௌக்கியம் விசாரித்து எனக்கு எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். இந்தக் கடிதத்துக்கு மட்டும் எனக்குப் பதில் போடாதே. அவளுக்குப் போடு.

உன் நைனா